எந்தப் பனி

பல்லடம் தாண்டும்போது மணி நாலேகால்.
மார்கழி இருபத்தெட்டு.
இண்டிகாவின் பின்னால் சூலூர் லேத்தில் பற்றவைத்த கொக்கி,
கொக்கியில் டிரெய்லர்,
டிரெய்லரில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு
பனியில் ஓடுகிற வண்டி.

சக்கரம் கிடையாது அதற்கு.
முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை,
பின்னால், நெல் அறுக்கும் மெசினுக்கு இருப்பதுபோல்
ரப்பர்ப் பட்டை.
இன்ஜினை யாரோ கழற்றி விற்றபின்
மணாலியில் ஏலத்தில் எடுத்தோம்.
தாராபுரம் பொருட்காட்சியில்
தெர்மாகோலைத் தூளாக்கிக் கொட்டி
நடுவில் நிறுத்த வேண்டும்.
ஏறி உட்கார்ந்து படமெடுக்க ஐம்பது ரூபாய்,
கம்பளித் தொப்பிக்கு வாடகை தனி.

ஓட்டுவது துளசிமணி. என் பங்குக்காரி.
லாபத்தில் பாதி அவளுக்கு,
கடன் முழுக்க என் பெயரில்.
"முன்னால போறது காரு,
பொறவால வர்றதுக்கு வேற புத்திங்"
என்றாள் கிளம்பும்போதே.
நான் சீட்டில் குறுகி உட்கார்ந்து
ஹீட்டர் குமிழைத் திருகிப் பார்த்தேன்.
அது நான் வாங்கிய நாளிலிருந்தே
வெறும் காற்றுதான்.

குண்டடத்துக்கு முன்னால்
கோழி லாரி ஒன்று எங்களைத் தாண்டியது.
கூண்டு கூண்டாக வெள்ளைக் கழுத்துகள்,
ஒரு நாற்றம்,
அப்புறம் காற்றின் இடி.
டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது,
முதலில் சோம்பலாக,
பிறகு எங்களோடு ஏதோ பகை இருப்பதுபோல.
காரின் பின்பக்கம் இடம் போகிறது, வலம் போகிறது.
என் கால்
என் பக்கம் இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே இருந்தது.

அவள் மிதிக்கவில்லை.
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், அவ்வளவுதான்.
ஸ்டீயரிங்கைத் திருப்பவும் இல்லை, விடவும் இல்லை.
எழுபது. அறுபது.
ஐம்பதில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள்.
நாற்பதில் வால் அடங்கியது.

இறங்கிப் பார்த்தால் பட்டை தளர்ந்து
வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்திருந்தது.
பாரம் பின்னால் போனால் கொக்கி மேலே எழும்பும்,
கொக்கி எழும்பினால் வால் ஆடும்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் இரவு பத்து மணிக்கு
"போதும்" என்று முடிச்சுப் போட்டவன் நான்.
தார்ப்பாயை உருவிவிட்டுத் தள்ளினோம்.
இரும்பு விரலைக் கடித்தது.

அப்போதுதான் பைக் வந்து நின்றது.
ஏட்டு. மப்ளருக்கு மேல் தொப்பி.
மீசையில் ஈரம் கோத்திருந்தது.
"இடது லைட் எரீல. இதென்னங்க வண்டி?"
"பனீல ஓடறதுங்க."
சுற்றிலும் பார்த்தார்.
மக்காச்சோளத் தட்டு தெரியவில்லை,
முருங்கை தெரியவில்லை,
காற்றாலைக்குக் கால் மட்டும் இருந்தது.
"அப்ப எறக்கி ஓட்டிட்டே போலாமல்லோ?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
ஆர்.சி. புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்
சித்தே நின்றார்.
பிறகு பூட்ஸோடு டிரெய்லரில் ஏறி
கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து
போனை என்னிடம் நீட்டினார்.
"புள்ளைக்கு அனுப்போணும். ஓசூர்ல இருக்கறா."
ஃபிளாஷ் அடித்ததில்
அவருக்குப் பின்னால் எல்லாமே வெள்ளை.

"அம்பது ரூவாங்" என்றாள் துளசிமணி.
சிரித்தார். கொடுக்கவில்லை.
அபராதமும் எழுதவில்லை.

எரியாத லைட்டில்
சிவப்புப் பாலித்தீன் சுற்றிய டார்ச்சைக் கட்டினேன்.
அதற்கு மேல் நாற்பதைத் தாண்டவில்லை நாங்கள்.
டவுன் பஸ்கூட ஹாரன் அடித்து முந்திப் போனது.

மைதானத்தில் ராட்டினத்துக்கு
அப்போதுதான் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
ரிவர்ஸில் வலம் திருப்பினால் அது இடம் போகும்,
இடம் திருப்பினால் வலம்.
நான் இறங்கிக் கையைக் காட்ட,
அவள் என் கையைப் பார்க்காமல்
கண்ணாடியை மட்டும் பார்த்தாள்.

தார்ப்பாயை மறுபடி போர்த்த மறந்திருந்தோம்.
சீட்டு, சறுக்குக் கட்டை, கைப்பிடி,
எல்லாவற்றிலும் துளித்துளியாக.
விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்
துடைக்கத் துணி தேடினேன்.

"இருக்கட்டும் உடுங், தானாக் காயும்.
பொறவால கம்பம் எவ்வளவு தூரத்துல இருக்குது,
அதச் சொல்லுங்"
என்றாள்,
நான்காவது தடவையாக
முன்னால் எடுத்துக்கொண்டு.